மேனேஜர் படிக்காத பாதி

மேனேஜர் ஆறுமுகசாமிக்குத் துப்பறியும் பித்து தலைக்கேறியது அறுபத்துநாலு வயதில். வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் பெண்கள் ஒளித்துப் படித்த நாவலைப் பிடுங்கியவர், திட்டுவதற்காகப் புரட்டி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் இருந்தது முதல் பாதிதான். ஆளுக்குப் பாதியாகப் படிக்க அதை நடுவில் கிழித்திருந்தார்கள். மறு பாதி, பனியனில் நூல் பிசிறு வெட்டும் மருதாளிடம் இருந்தது.

கதையில் பண்ணையாரைக் கொன்றவனைத் தேடுகிறாள் பதினேழு வயது சுந்தரி. அந்த வீட்டில் கத்தி பிடிப்பவன் சமையல்காரன், ஆகவே கொலைகாரன் அவனே என்கிறாள். மேனேஜரின் பாதி அங்கேயே முடிகிறது.

அந்த வாரம் ஐந்து டஜன் பனியனில் ஓட்டை. மேனேஜர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மருதாள் முன் வந்து நின்றார்.

"கத்திரி யாரு கையில இருக்குதோ அவதான் ஓட்டை போட்டவ. நாளையில இருந்து நீ வேலைக்கு வராதே."

மருதாளின் புருஷன் நல்லான் கால் ஒடிந்து படுத்திருந்தான். வீட்டில் வேறு கூலி இல்லை. ஆனாலும் பயத்தை முந்திக்கொண்டு எரிச்சல் வந்தது.

"ஏனுங்க, இது சுந்தரி சொன்ன நாயமுங்களா?"

"ஆமா. அந்தப் புள்ள மூளைக்குப் போலீசே கைகட்டி நிக்குது."

"மறு பாதியில அந்த மூளை நல்லா வாங்கிக் கட்டிக்குதுங்க. 'ஆளோட கையைப் பாத்தேன், பொணத்தோட காயத்தைப் பாக்கலையே'ன்னு சமையக்காரன் கால்ல உழுந்து அழுவறா. அப்புறந்தான் காயத்தையே அளக்கறா."

சொல்லிக்கொண்டே ஓட்டைப் பனியன்களை மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஓட்டைகள் மேலும் கீழுமாக இருந்தன; ஆனால் எல்லாம் இடப்பக்கம் ஒரே நேர்கோட்டில்.

"கத்திரி இப்படிக் கோடு புடிச்சு வெட்டாதுங்க. துணி பின்னற மெஷின்ல ஒரு ஊசி கெட்டுப்போச்சுங்க."

மெஷின்காரர் பொங்கியண்ணன் போய்ப் பார்த்தார். ஒரு ஊசியின் கொக்கி ஒடிந்திருந்தது.

மேனேஜர் காலில் விழவில்லை. "சரி, வேலையைப் பாரு" என்று மட்டும் சொன்னார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த மறு பாதி... நாளைக்குக் கொண்டாறயா?"

"பாக்கறனுங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மறு பாதியைக் கடைசியாக ஒருமுறை புரட்டினாள். சுந்தரி யார் காலிலும் விழவில்லை. கொன்றது சமையல்காரனேதான்; கத்தி பிடித்தவன் என்பதற்குமேல் ஒரு காரணமும் இல்லை. எழுதியவரும் மேனேஜரும் ஒரே சந்தையில் மூளை வாங்கியவர்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஒரு தாள் விடாமல் அடுப்பில் வைத்து, நல்லானுக்குச் சோறு வடித்தாள்.