பழைய பாப்பா

"அண்ணி, அவளத் தூக்குங்க. இப்பவே தூக்குங்க."

கேட்கவே கூடாது என்று எல்லோரும் சொல்லிவைத்திருந்ததைத்தான் நிரோஷா கேட்டாள். கைக்குழந்தையைத் தவிர வேறெதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது என்பது மிட்வைஃப் மிஸ்ஸின் உத்தரவு. அதை அண்ணன் அருள்தாஸ் தினமும் மூன்று தரம் ஒப்பித்தான். அண்ணி சர்மிளா வயிற்றில் தையலோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. கட்டிலில் சாய்ந்திருந்தாள். மடியில் பையன். கதவு மூலையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர், அவற்றுக்கு நடுவே சுவரைப் பார்த்தபடி நாலு வயது டெனிஷா.

"ஒனக்கென்ன பைத்தியமா?" என்றான் அருள்தாஸ். "தையல் பிரிஞ்சா யாரு பாக்குறது?"

"ஒன்பது நாளா அந்தப் புள்ளய யாரும் தொடல. அத யாரு பாக்குறது?"

"நாங்களா தொடல? கிட்டப் போனா கத்துறா. தட்டுலருந்து பாய் வரைக்கும் தனியா வேணுங்கிறா. தம்பி மேல அவ்வளவு பொறாம."

சர்மிளா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "டிகிரி முடிச்சவங்களுக்கு எல்லாம் தெரியும். ஒண்ணப் பெத்துப் பாத்துட்டுப் பேசு நிரோஷா."

இந்த வசனம் எப்போது வரும் என்று நிரோஷா மூன்று நாளாகக் காத்திருந்தாள். தோட்டத்து லயத்திலேயே முதல் பட்டதாரி என்று தேவாலயத்தில் மாலை போட்டவர்கள்தான், வாயைத் திறந்தால் பெத்துப் பார் என்கிறார்கள். சண்டை பிடிக்க நேரமில்லை. ஒன்பது மணிக்குப் பயாஸின் ஆட்டோ வந்துவிடும். லீவு முடிந்து அவள் கொழும்புக்கு வேலைக்குத் திரும்புகிறாள். போகிற வழியில் டெனிஷாவை இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் விட வேண்டும். கொடகவெலவிலிருந்து சர்மிளாவின் அக்கா வந்து கூட்டிப்போவாள். தையல் ஆறி, தம்பிக்குத் தலை நிற்கிற வரைக்கும் பிள்ளை அங்கேதான். குட்டிப் பை ஒன்று கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது.

பையை அண்ணன் கட்டியபோது நிரோஷா பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் வாங்கி வந்த படப் புத்தகமும் போனது. மூன்று நாளுக்கு முன் இதே வாசலில் நின்று, "பெரிய புள்ளைக்குப் புத்தகம், சின்னப் புள்ளைக்குச் சட்டை" என்று சிரித்தபடி நீட்டிய புத்தகம். டெனிஷா கை நீட்டவில்லை. "கீழ வைங்க அத்த" என்றாள். வைத்ததும் தானே எடுத்துக்கொண்டாள். திமிர் என்று எல்லோரும் சிரித்தார்கள். நிரோஷாவும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

இதே ஓரறைக் காம்பராவில், இதே குறுக்கு மரத்தில்தான் அவளுடைய தம்பி தினேஷுக்கும் சேலைத் தொட்டில் கட்டினார்கள். கயிறு உரசிய தழும்பு இன்னும் மரத்தில் இருக்கிறது. அப்போது அவளுக்கும் நாலு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. இந்த வீட்டில் இனித் தன் காலம் முடிந்தது என்று அவளும் நினைத்தவள்தான். ஆனால் அவள் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. தம்பியின் பவுடர் டின்னைத் தூக்கி அம்மாவின் தேயிலைக் கொழுந்துச் சாக்குக்குள் திணித்தாள். நிறுக்கிற இடத்தில் சாக்கைக் கொட்டியபோது பச்சைக் கொழுந்துக்கு நடுவிலிருந்து டின் உருண்டு ஓடியதாம். "கிறேஸ், ஒன் கொழுந்துக்கு மேக்கப் போட்டா அனுப்புற?" என்று கணக்கப்பிள்ளை அம்மாவைக் கேட்க, மலையே சிரித்ததாம்.

அன்று சாயங்காலம் அடி விழும் என்று நிரோஷா வாழை மரத்தடியில் ஒளிந்திருந்தாள். அம்மா அடிக்கவில்லை. முகம் கழுவினாள், தினேஷுக்குப் பால் கொடுத்தாள், தொட்டிலில் போட்டாள். பிறகு வாசலில் உட்கார்ந்து, கொழுந்து பறிக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்கை மடியில் விரித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"புதுப் பாப்பா தூங்கிருச்சு. பழைய பாப்பா எங்க? பழைய பாப்பா வா."

நாலு வயதுப் பிள்ளையை அந்தப் படங்கில் கால் முதல் கழுத்து வரை சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் போட்டுக்கொண்டாள். சாக்கு உடம்பெல்லாம் அரித்தது. கொழுந்துச் சாறும் மழைத் தண்ணீரும் லைஃபோய் சோப்பும் கலந்த வாசனை. "இது யாரு வீட்டுப் பாப்பா? பல்லெல்லாம் மொளச்சிருக்கு, பவுடர் டின்னெல்லாம் திருடுது!" என்று அம்மா கிச்சுக்கிச்சு மூட்டினாள். பக்கத்துக் காம்பராப் பெண்கள் வாய் சும்மா இருக்குமா. "நாலு வயசுக்கு மடி கேக்குதோ?" என்றார்கள். "மடி என்னுது, ஒங்களுக்கு வலிக்குதா?" என்றாள் அம்மா.

பத்து நிமிஷம் இருக்குமா? அவ்வளவுதான். அடுப்பு வேலை கிடந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் தினமும் வந்தது, தினேஷ் நடக்கிற வரைக்கும். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. பட்டமளிப்புப் படத்தை அவள் பார்க்கவில்லை. கொழும்பு பஸ்ஸில் ஈரச் சாக்கு மூட்டையோடு யாராவது ஏறினால், நிரோஷா இன்றைக்கும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வாள்.

இப்போது கண்ணைத் திறந்து அண்ணியைப் பார்த்தாள். "நிமிர்ந்து தூக்க வேணாம். மடியில ஒரு நிமிசம் வைங்க. அனுப்புறதுன்னாலும் தொட்டு அனுப்புங்க."

மூலையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "வேணாம் அத்த. அம்மா என்னயத் தொடக் கூடாது."

"ஏன்டி?"

"தீட்டு."

அருள்தாஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். "வேதக்காரன் வீட்டுல ஏதுடி தீட்டு? ஒனக்கு யாரு சொன்னா?"

டெனிஷா சுவரைப் பார்த்தபடியே, விளங்காதவர்களுக்கு விளக்குகிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னாள். "நான் பெரிய புள்ள ஆயிட்டேன்ல. பக்கத்து வீட்டு ஷாமிளா அக்கா பெரிய புள்ள ஆனதும் மூலைல உக்காந்தாங்கல்ல? தனித் தட்டு, தனி டம்ளரு. யாரும் தொடல. தொடப் போனதுக்கு நீங்கதான என்னய அடிச்சீங்க." கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு எப்பப்பா தண்ணி ஊத்துவீங்க? பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டா அங்கயே ஊத்திருவாங்களா?"

பக்கத்துக் காம்பரா ஷாமிளாவுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு மாதத்துக்கு முன்தான் அவள் வயசுக்கு வந்து, மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றி, சடங்கு முடிந்தது. பெரிய புள்ள ஆயிட்டா, பெரிய புள்ள ஆயிட்டா என்று லயமெல்லாம் அதே பேச்சு. தம்பி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அப்பா டெனிஷாவிடம் சொன்னதும் அதே சொல். ஜெபத்துக்கு வந்தவர்கள் கன்னத்தைக் கிள்ளிச் சொன்னதும் அதே. சிங்கள மிட்வைஃப் மிஸ்கூடத் தமிழில் பேசிக் காட்டுகிற ஆசையில் அதையே சொல்லிவிட்டுப் போனார். கடைசியாக, புத்தகமும் கையுமாக வந்த பட்டதாரி அத்தையும்.

சர்மிளா சிரித்துவிட்டாள். தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகத் திரும்பியது. "நான் கை நீட்டுனப்பல்லாம் தள்ளித் தள்ளிப் போனாளே... என்னய வெறுத்துட்டான்னு நெனச்சேன். நான் பெத்தது என்னய வெறுத்துருச்சுன்னு."

"வெறுக்கல அண்ணி. நீங்க சொன்னதக் கேட்டு நடந்திருக்கு."

நிரோஷா பையனை வாங்கித் தொட்டிலில் போட்டாள். மூலைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

"டெனிஷா, நீ அந்தப் பெரிய புள்ள இல்லடி. அதுக்கு இன்னும் ரொம்ப வருஷம் கெடக்கு. நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம்."

பிள்ளை முதல் தடவையாகத் திரும்பினாள். முகத்தில் நிம்மதியைக் காணோம். "அப்ப பட்டுப் பாவாட கெடையாதா?"

"கெடையாது."

"பலகாரம்?"

"அதுவும் கெடையாது."

உதடு பிதுங்கியது. "அப்ப நான் யாரு?"

பதில் நிரோஷாவின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னது அவளில்லை. கதவில் சாய்ந்திருந்த அருள்தாஸ், தரையைப் பார்த்தபடி, பன்னிரண்டு வயதுப் பையனின் குரலில் சொன்னான். "பழைய பாப்பா."

அவன் மறக்கவில்லை. மறக்காமல்தான் பையைக் கட்டினான். அதுதான் நிரோஷாவுக்கு இன்னும் எரிந்தது.

டெனிஷாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கட்டிலருகே கிடந்த ஸ்டூலில் ஏற்றினாள். பிள்ளை தானாகவே கட்டிலில் ஏறியது. சர்மிளா ஒருக்களித்துப் படுத்து, வயிற்றுக்குத் தலையணையை அணை கொடுத்து, போர்வையை விரித்தாள். டெனிஷா ஒரு விரலை மட்டும் நீட்டி அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு விரலால் தொட்டாள். பிறகு முகத்தை அம்மாவின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள். "இது யாரு வீட்டுப் பாப்பா?" என்று சர்மிளா போர்வையைச் சுற்றத் தொடங்கினாள். குரல் உடைந்து பாதிதான் வந்தது.

கீழே ரோட்டில் ஹோர்ன் அடித்தது. பயாஸ்.

அருள்தாஸ் பழக்கத்தில் இரண்டு பையையும் தூக்கினான். நிரோஷா தன் பையை மட்டும் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அவளோடது?"

"அத அவுத்து வை."

"என்ன வெளையாடுறியா? கொடகவெல அக்கா வந்து காத்துக்கிட்டு நிப்பாங்க."

"போன்ல நான் சொல்லிக்கிறேன். ஏசினா என்னய ஏசட்டும்."

"சரி, ஆறு வாரம் இவள யாரு பாக்குறது? அப்ப நீயே இருந்து பாரேன்."

"நான் ஏன் இருக்கணும்? அப்பன் நீ இருக்க."

"நான் றப்பர் பால் வெட்டப் போக வேணாமா?"

"றப்பர் வெட்டு பன்னெண்டு மணிக்கு முடியுது. மழ பேஞ்சா, இன்னைக்கு மாதிரி அதுவும் இல்ல. அதுக்கப்புறம் கடைல கெரம் போர்டு அடிக்கிறதுக்குப் பேரு வேலையா? காலைல புள்ளக்காம்பரா ஆயாகிட்ட விடு, மத்தியானம் நீ கூட்டியா, குளிப்பாட்டு, சோறு ஊட்டு. பத்து நிமிசம் அம்மாகிட்டப் படுக்க வை. அம்மா மல ஏறி எறங்கிட்டு வந்து செஞ்சாங்க. ஒன்னால முடியாதா?"

"அம்மாவ இழுக்காத நிரோ."

"இழுப்பேன். பாத்தவன் நீ."

ஹோர்ன் மறுபடி அடித்தது. "நில்லு, பேசி முடிவெடுப்போம்" என்றான் அருள்தாஸ்.

கட்டிலில் போர்வைப் பொட்டலத்துக்குள்ளிருந்து, "அம்மா, அரிக்குது" என்று ஒரு சிணுங்கல். "அவுக்கவா?" "வேணாம், வேணாம்."

நிரோஷா செருப்பை மாட்டினாள். குட்டிப் பையைக் காலால் கதவுக்கு உள்பக்கம் தள்ளிவிட்டு, தன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரமான படிகளில் இறங்கி நடந்தாள்.