தீனிக்குழாயைக் கழற்றிய காலை

இரவெல்லாம் கொட்டிய மழை விடியும்போதுதான் ஓய்ந்தது. வின்னி முழங்கால்வரை வரும் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு, சூரியகாந்தி விதைப் பையோடு பின்பக்கக் கதவைத் திறந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் கட்டிலில் சாய்ந்திருந்த நார்மனின் கண்கள் அவள் கூடவே வந்தன.

பனிக்காலத்தில் பக்கவாதம் அடித்ததிலிருந்து அவள் புருஷனிடம் மிச்சமிருந்தது அந்தக் கண்களும் இடது கையும்தான். பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கத்தில் ஒரு பஸ் பணிமனையில் ஆட்களை விரட்டி வேலை வாங்கிய குரல் அது. மாடிப்படி ஏற முடியாதென்று கட்டிலைக் கீழே இறக்கி, தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரம் போட்டிருந்தார்கள்.

ஆப்பிள் மரக்கிளையில் பறவைகளுக்கு விதை போட்டுவைக்கும் தீனிக்குழாய் தொங்கியது. பச்சைச் சிட்டுகள் அதில் வந்து உட்காரும். இடத்துக்குச் சண்டை போடும். விதையை உடைத்துத் தோலைத் துப்பும். அதைப் பார்க்கையில் மட்டும் நார்மனின் வாய் லேசாகத் திறக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு கரண்டி ஓட்ஸ் கஞ்சியை உள்ளே விட்டுவிட வேண்டும். சிட்டு பறந்துபோனால் வாயும் மூடிக்கொள்ளும். காலைச் சாப்பாடு முடிய ரெண்டு மணி நேரம்கூட ஆகும். ஆனாலும் உள்ளே போகிறதே, அதுவே வின்னிக்குப் போதும்.

வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் நர்ஸ் போன தடவை அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "இன்னும் எடை இறங்கினா வீட்டுல வெச்சிருக்க முடியாதும்மா. ஆஸ்பத்திரியில சேத்து மூக்கு வழியா குழாய் போட வேண்டியதுதான்."

வின்னியின் தங்கையும் அப்படித்தான் மூக்கில் குழாயோடு போனாள். போனவள் வீடு திரும்பவில்லை.

தீனிக்குழாயின் மூடியைத் திறக்கப்போனவள் காலடியில் எதையோ பார்த்து நின்றாள். ஈரப் புல்லில் ஒரு பச்சைச் சிட்டு உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் உப்பிப் பந்துபோல் இருந்தது. அவள் குனிந்தாள். அது பறக்கவில்லை. கையில் எடுத்தாள். அப்போதும் பறக்கவில்லை. அலகைச் சுற்றிப் பிசுபிசுவென்று எச்சில். அலகுக்குள் உடைத்த விதை ஒன்று அப்படியே இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அவள் மூச்சுக்காற்றால் சூடேற்றப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒருமுறை உதறிவிட்டு அது அடங்கிப்போனது.

மரத்தடியில் இன்னும் இரண்டு விறைத்துக் கிடந்தன. வின்னி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்றையும் பொறுக்கி ஏப்ரன் பையில் போட்டாள்.

"ஏம்மா வின்னி, உனக்கும் வந்துருச்சா?" வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு பெரில், தலையில் முடி சுருட்டும் கர்லர்களோடு நின்றிருந்தாள். "எங்க வீட்டுல நேத்தே ரெண்டு செத்துக் கிடந்துச்சு. ரேடியோவுல சொன்னாங்க, தொண்டையில புண்ணு வர்ற நோயாம். முழுங்க முடியாம கக்கும். அதை இன்னொண்ணு பொறுக்கித் தின்னும். அதுக்கும் வந்துரும். ஈரத்துல இன்னும் வேகமாப் பரவுதாம். முதல்ல அதைக் கழட்டு."

"ப்ளீச் போட்டுக் கழுவித் திரும்ப மாட்டிடறேன்."

"கழுவுனா மட்டும் பத்தாதாம். கொஞ்ச நாளைக்குக் கூட்டமே கூடக்கூடாதாம். நான் கழட்டியாச்சு, எதிர் வீட்டுலயும் கழட்டியாச்சு. நீ ஒருத்தி மட்டும் தொங்கவிட்டா ஊர்ச் சிட்டு மொத்தமும் இங்க வந்துதான் சாகும்."

"கழட்டுனா அந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டான், பெரில்."

பெரில் வேலிக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தாள். "கழட்டலைன்னா இன்னும் ஒரு வாரத்துல அவன் பாக்கறதுக்கும் ஒண்ணும் மிஞ்சாது" என்றாள்.

கிளையில் இரண்டு சிட்டுகள் தீனிக்காகக் காத்திருந்தன. வின்னி அவற்றை நிமிர்ந்து பார்க்காமல் தீனிக்குழாயைக் கழற்றினாள்.

உள்ளே வந்தபோது நார்மன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோய் வந்துருக்கு, நார்மன். கொஞ்ச நாளைக்குத்தான்." கஞ்சியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க, ஆ காட்டு."

அவர் வெறும் கிளையைப் பார்த்தார். உதடு ஒட்டிக்கொண்டது.

"ஒரே ஒரு வாய். தேன் போட்டிருக்கேன்."

கரண்டி உதட்டில் பட்டுக் கஞ்சி மோவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி கொண்டுபோனாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் என்ன வேணும்னேவா செஞ்சேன்?" அவள் குரல் உடைந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஏப்ரன் பையிலிருந்து செத்த சிட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "பாரு! நான் வெச்ச தீனியைத் தின்னுதான் செத்துது. போதுமா?"

நார்மன் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய இமையோரத்தில் நீர் கசிந்தது. வின்னி சிட்டை அவசரமாக ஏப்ரன் பைக்குள் திணித்தாள். நாளைக்கு நர்ஸ் தராசோடு வருவாள். கரண்டியைக் கழுவுதொட்டியில் விட்டெறிந்துவிட்டு, கொல்லைப்பக்கம் ஓடினாள்.

ஓடிய வேகத்தில் ஈரத் தரையில் கால் சறுக்கியது. கீழே விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குதிகால் இழுத்த இடத்தில் புல் பெயர்ந்து கறுப்பு மண் தெரிந்தது. அவள் நகர்வதற்குள் எங்கிருந்தோ ஒரு ராபின் குருவி, சிவந்த மார்பை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பள்ளத்தில் வந்து குதித்தது. ஒரு புழுவை இழுத்து விழுங்கிவிட்டு இன்னும் உண்டா என்பதுபோல் அவளைப் பார்த்தது.

வின்னி ராபினையும் நார்மனின் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குப் போய் மண்வெட்டியோடு வந்தாள்.

அது நார்மனின் புல்தரை. அவர் ஆயுசில் பாதியை அதில்தான் கழித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டிபோட்டுக் களை எடுப்பார். பேரப்பிள்ளைகள் அதில் பந்து போடக் கூடாது. விருந்துக்கு வருகிறவர்கள் உயர்ந்த குதிகால் செருப்போடு மிதிக்கக் கூடாது. ஜன்னலுக்கு நேர் எதிரே, நட்டநடுவில், வின்னி மண்வெட்டியை இறக்கினாள். ஒரு பாளம் புரண்டது. இன்னொன்று. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது, நிறுத்தவில்லை. ராபின் மண்வெட்டி முனையிலேயே வந்து நின்றது. மஞ்சள் அலகுள்ள கறுப்புப் பறவை ஒன்று வேலியிலிருந்து இறங்கி, நீளமான புழுவைக் காலை ஊன்றி இழுத்தது.

"வின்னி! பைத்தியம் புடிச்சுருச்சா உனக்கு?" பெரில் கத்தினாள். "கொன்னுருவான்டி உன்னை!"

ஜன்னல் கண்ணாடி தடதடவென்று அதிர்ந்தது. நார்மன் இடது கையால் குத்திக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து வின்னி சேற்றுக் காலோடு உள்ளே ஓடினாள்.

நார்மனின் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் கோணிக்கொண்டு எதையோ தள்ளப் பார்த்தது.

"பு... பு... புல்லு!"

வின்னி அப்படியே நின்றுவிட்டாள்.

"எ... என் புல்லு! மு... முட்டாப் பொம்பள!"

அவள் கஞ்சிக் கிண்ணத்தையும் புதுக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் அடுத்த வசவுக்கு வாயைத் திறந்ததும் கரண்டியை உள்ளே விட்டாள். அவர் திணறினார், இருமினார், கண்ணை உருட்டினார். பிறகு தொண்டை ஏறி இறங்கியது.

"திட்டு," என்றாள் வின்னி, அழுதுகொண்டே. "இன்னும் திட்டு. உன் ரோஜாப் பாத்தியையும் கொத்தப்போறேன்."

கிண்ணத்தில் முக்கால்வாசி காலியாயிற்று.

மறுநாள் நர்ஸ் எடை பார்த்துவிட்டு, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். நார்மனுக்கு அந்த நாலு சொல்லுக்கு மேல் எதுவும் வரவில்லை. ராபின் வந்தால் ஜன்னலைப் பார்ப்பார், வாய் லேசாகத் திறக்கும். வின்னி வந்தால் முறைப்பார். பச்சைச் சிட்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

அதற்கப்புறம் மழையும் இல்லை. வெயிலில் தரை இறுகி, புழுக்கள் ஆழத்துக்குப் போய்விட்டன; ராபின் வருவதும் குறைந்தது. வின்னி விடிவதற்கு முன்பே எழுந்து, கொப்புளம் உடைந்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, நார்மன் கண் விழிப்பதற்குள் மண் நனைந்துவிட வேண்டுமென்று பூவாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றத் தொடங்கினாள்.