தவிப்புக்கு ஒரு படுக்கை

குடிநோய் சிகிச்சை இல்லத்தில் ஒருவரைச் சேர்க்கும்போது, அவருடைய தவிப்பு அவரிடமிருந்து பிரிந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும். இல்லம் திறக்கப்பட்ட நாளிலிருந்தே இது இவ்வாறுதான் நடந்துவந்தது. தவிப்பு பார்ப்பதற்கு அதன் உரிமையாளரைப் போலவே இருக்கும். ஆனால் அவர் முதன்முதலாகக் குடித்த நாளில் எந்த வயதில் இருந்தாரோ அந்த வயதில், அன்று அணிந்திருந்த அதே சட்டையில் இருக்கும். ஆகையால் நரைத்த தலையுடன் ஒருவர் உள்ளே படுத்திருக்க, கருகருவென்று முடி வளர்ந்த அவரே மதிலோரத்தில் குந்தியிருப்பார். தவிப்புகள் எவரையும் தொந்தரவு செய்யவில்லை. மழை பெய்தால் நனைந்தன; வெயில் அடித்தால் காய்ந்தன; இரும்புக் கதவு திறக்கும் ஓசை கேட்டால் மட்டும் ஒருசேரத் தலையைத் தூக்கிப் பார்த்தன. எதிரே பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தவர், வாடிக்கையாளரின் வண்டியை நிழலில் நிறுத்த வேண்டியபோது அவற்றை நகர்ந்து உட்காரச் சொல்வார். அவையும் நகர்ந்து உட்காரும்.

தவிப்பு வெளியே இருந்தபடியால், உள்ளே இருந்தவர்களுக்குக் குடிக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. வேளைக்குச் சாப்பிட்டார்கள், வேளைக்கு உறங்கினார்கள். இதைத் தம் சிகிச்சையின் வெற்றி என்று இல்லத்தின் கண்காணிப்பாளர் உளமார நம்பினார். அவர் கெட்டவர் அல்லர். சொந்த அண்ணனைக் குடிக்குப் பறிகொடுத்த துயரத்தில்தான் இந்த இல்லத்தையே தொடங்கினார். தூய்மையும் அமைதியும் இருந்தால் எந்த நோயும் தீரும் என்பது அவர் கொள்கை. தவிப்புகள் சாய்ந்து சாய்ந்து மதில் அழுக்காகும்போதெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் செய்ததால், ஊரார் அவருக்கு வெள்ளையடிப்பார் என்று பெயர் வைத்திருந்தனர். கோடு போட்ட சட்டையணிந்த தவிப்பு ஒன்று, இல்லம் திறந்த நாளிலிருந்தே வாசல் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு உரியவர் எவரும் உள்ளே இல்லை. சுண்ணாம்பு அடிப்பவர்கள் அதைச் சுற்றியே அடித்துவிட்டுப் போனார்கள். கண்காணிப்பாளர் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘இங்குச் சிகிச்சை முடித்தவர்களுள் இன்று குடிப்பவர் ஒருவரும் இலர்’ என்று அதில் எழுதியிருந்தது. இந்தப் பலகை எப்படிப் பொய்க்காமல் இருந்தது என்பதைச் சொல்லியாகவேண்டும். வீட்டுக்குப் போய் மீண்டும் குடித்தவர் திரும்பி வந்தால், அவருடைய முந்தைய சிகிச்சை முடியவில்லை என்று கொள்ளப்படும். மூன்று முறை சேர்ந்தும் குடித்தவர் ஒத்துழையாதவர் ஆவார். நான்காம் முறை அவருக்குக் கதவு திறக்கப்படாது, கணக்கிலும் அவர் இருக்க மாட்டார். தோற்கக்கூடிய மாணவர்களையெல்லாம் தேர்வு நாளன்று வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, பள்ளியில் அனைவரும் தேர்ச்சி என்று பந்தல் போடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஆயினும் எவரும் கேட்கவில்லை. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், கழிப்பறையின் தூய்மையைப் பாராட்டினார்கள், தேநீர் அருந்திவிட்டுப் போனார்கள். சிகிச்சை முடிந்தவர் கைகுலுக்கலோடு வெளியே வரும்போது, அவருடைய தவிப்பு எழுந்து, பின்புறத்து மண்ணைத் தட்டிவிட்டு, அழைத்துப்போக வந்த உறவினரைப் போல அவர் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தது.

அச்சகத்தில் பெரிய எந்திரத்தை ஓட்டிய ஒருவர் இவ்வாறு மூன்று முறை உள்ளே போய் வந்தார். ஊரில் அவரை மிஷின்காரர் என்றே சொல்வார்கள். அவருடைய மனைவி தையற்கூடத்தில் பொத்தான் கட்டுபவர். பார்வையாளர்களுக்கு வாசலில் ஒரே பெஞ்சுதான் இருந்தது. தவிப்புகளும் அதில்தான் உட்கார்ந்தன. முதல் முறை அந்தப் பெண்மணி, கணவரின் தவிப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை, “என்ன பாக்குறே? என் குடும்பத்தைக் குட்டிச்சுவர் ஆக்கினது பத்தாதா?” என்று அதன் முகத்துக்கு நேரே கேட்டார். அது ஒதுங்கி இடம் விட்டது. அரும்பு மீசையும் மைக்கறை படிந்த சட்டையுமாக, தமக்குத் திருமணம் ஆவதற்கு முன்பிருந்த கணவரை அவர் அப்போதுதான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தார். மூன்றாம் முறை மழை வந்தபோது தம் குடையை இருவருக்கும் பொதுவாகப் பிடித்தார்.

“ஏம்மா, இதுக்குப் போயா குடை பிடிக்கிறீங்க?” என்று பஞ்சர் கடைக்காரர் கேட்டார்.

“நனைஞ்சு காய்ச்சல் வந்தா, அதோட எங்க வீட்டுக்குத்தானேண்ணே வரப்போகுது?” என்றார் அவர்.

அந்த ஆண்டில்தான் இல்லத்துக்குப் புதிதாக ஒரு பெண் மருத்துவர் வந்தார். பலகையைப் படித்த அவர், அதுவரை எவரும் கேட்காத எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். “போனவங்கல்லாம் இப்ப எப்படி இருக்காங்க ஐயா?”

“நல்லாத்தான் இருப்பாங்க. இல்லேன்னா திரும்பி வந்திருப்பாங்களே” என்றார் கண்காணிப்பாளர்.

“வந்தா நீங்கதான் சேர்க்க மாட்டீங்களே.”

கண்காணிப்பாளர் மதிலைப் பார்த்து, இன்னும் ஒரு பூச்சு வேண்டியிருக்கிறது என்றார். மருத்துவர் தம் விடுமுறை நாள்களில் வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில் இருந்த ஒரே கட்டிலில் தவிப்பு படுத்திருக்க, குடும்பம் முழுவதும் தரையில் கிடந்தது. இன்னொரு வீட்டில் அது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்க, குழந்தைகள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தன. சில வீடுகளில் உரியவர் இறந்துபோயிருந்தார்; எங்கே போவதென்று தெரியாத தவிப்பு வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தது. உண்மையிலேயே குடியை விட்டவர்களும் இருந்தனர். அவர்கள் எப்படி விட்டார்கள் என்பதையும் இல்லம் கேட்டதில்லை. திரும்பி வந்த மருத்துவர், “உள்ளே யாரும் குடிக்கலைங்கிறது சிகிச்சை இல்லை ஐயா, அது பூட்டு” என்றார். கண்காணிப்பாளர் அவரோடு பேசுவதை நிறுத்தினார். காவலாளியிடம் மட்டும், பூட்டுக்கு எண்ணெய் போடச் சொன்னார்.

மிஷின்காரர் நான்காம் முறையாக வந்தது ஒரு தூறல் காலையில். நிற்க முடியாத அவரை ஒரு பக்கம் மனைவியும் மறுபக்கம் தவிப்பும் தாங்கிப் பிடித்திருந்தனர். இல்லத்தில் இடம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் மகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டோடு போய்விடுவது என்று மனைவி முடிவு செய்திருந்தார். துணிமணிகளோடு அண்ணன் ஆட்டோவில் காத்திருந்தார். பள்ளிச் சீருடையோடு மகள் அவர் மடியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கண்காணிப்பாளர் கதவுக்கு உள்ளேயிருந்தே விதியைச் சொன்னார். மனைவி, கணவர் தோளிலிருந்து தம் கையை மெல்ல எடுக்கத் தொடங்கினார். அப்போது மருத்துவர் வெளியே வந்து, தவிப்பை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“இது எப்பவாவது உள்ளே வந்திருக்கா?”

“இதுவா? இது எப்பவும் வெளியதான்” என்றார் காவலாளி.

“அப்ப இதுக்கு இதான் முதல் தடவை. இதை நான் சேர்த்துக்கிறேன். நோயாளிக்குத் துணையா வீட்டு ஆள் ஒருத்தர் இருக்கலாம்னு விதி இருக்கில்லையா? இவர் துணைக்கு வந்தவர்” என்று மிஷின்காரரைக் காட்டினார்.

கண்காணிப்பாளர் விதிகளை மதிப்பவர். மறுப்பதற்கு ஒரு விதியை நெடுநேரம் தேடினார், கிடைக்கவில்லை. மிஷின்காரர் நடுங்கும் குரலில், “நான் பாத்துக்கிறேன் டாக்டரம்மா. இதை எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும்” என்றார். ஆட்டோவிலிருந்து அண்ணன், “என்ன கூத்து இது? நீ வந்து ஏறும்மா” என்று கத்தினார். “கொஞ்சம் இருண்ணே. உள்ளே என்னதான் நடக்குதுன்னு ஒரு தடவை பாத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு மனைவியும் உள்ளே போனார். ஆட்டோ வெகுநேரம் நின்றது. பிறகு அண்ணன் அந்தச் சிறுமியைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மூட்டையைத் திரும்ப அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

தவிப்பு உள்ளே வந்ததும் இல்லத்தின் புகழ்பெற்ற அமைதி குலைந்தது. அது கத்தியது, கதவை உலுக்கியது, வெள்ளைச் சுவரெங்கும் கைத்தடம் பதித்தது. மிஷின்காரருக்கும் உடம்பு தூக்கிப் போட்டது; மருத்துவர் அருகிலேயே இருந்து மருந்து கொடுத்தார். நடுக்கம் தணிந்தபின் அவர் தம் தவிப்புக்குச் சோறூட்டினார், முகம் கழுவிவிட்டார், அது எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்று கவனித்தார். ஒருநாள் மின்சாரம் போய் விசிறி நின்றது. உறங்கிக்கொண்டிருந்த தவிப்பு சட்டென்று எழுந்து கதவை நோக்கி நடந்தது. விசிறி ஓடத் தொடங்கியதும் திரும்பி வந்து படுத்தது. மருத்துவர் மிஷின்காரரின் மனைவியை அழைத்து, சத்தம் நின்றால்தான் இவர் குடிக்கப் போவாரா என்று கேட்டார். “ஆமா, அச்சாபீஸ்ல ரெண்டு ஷிப்டும் மிஷின் ஓடுற நாள்ல இவர் நேரா வீட்டுக்கு வந்துடுவார். சீக்கிரம் நிறுத்திட்டாத்தான் வம்பு” என்றார் அவர். அப்போதுதான் மிஷின்காரர், தாம் எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வேலையில் சேர்ந்த அன்று, மாலையில் எந்திரம் நின்றவுடன் அந்தத் திடீர் அமைதி கிணறு போல் வாயைத் திறந்ததாகவும், பயத்தில் தாம் நடுங்கியதைக் கண்ட மேஸ்திரி சிரித்துக்கொண்டே ஒரு தம்ளரை நீட்டியதாகவும் கூறினார். அவர் சொல்லச் சொல்ல, தவிப்பு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தூய அமைதியில் குணமாக்குவதாகச் சொன்ன இல்லம், அந்த மனிதரை மூன்று முறை அதே கிணற்றுக்குத் தயார்செய்து அனுப்பியிருக்கிறது!

மற்ற நோயாளிகளும் தத்தம் தவிப்பை உள்ளே விடச் சொல்லிக் கேட்கலானார்கள். மிஷின்காரர் தம் தவிப்புக்குச் சோறூட்டுவதைப் பார்த்துவந்த கண்காணிப்பாளரே, ஒரு பிற்பகலில் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவை அகலத் திறந்தார். தவிப்புகள் வரிசையாக உள்ளே நுழைந்தன. தூணோரத்தில் இருந்த கோடு போட்ட சட்டை மட்டும் எழவில்லை. கண்காணிப்பாளர் அதன் எதிரே வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து அதன் கையைப் பிடித்து, “உள்ளே வாண்ணே” என்றார். அதற்கு ஜன்னலோரமாக ஒரு படுக்கை கொடுக்கப்பட்டது. அதன் பிறகு அவர் சுண்ணாம்பு வாங்கவில்லை. பலகையையும் தாமே கழற்றினார். வீட்டுக்குப் போனவர்களை மருத்துவர் ஓராண்டு கழித்தும் போய்ப் பார்த்தார். எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள், எத்தனை பேர் மீண்டும் குடித்தார்கள் என்று உள்ளபடி மேலிடத்துக்கு எழுதினார். மேலிடத்தார் தரம் சரிந்துவிட்டதாக வருந்தினர். சரிந்தது தரம் அன்று, பழைய பலகையின் பொய்தான் என்று அவர்களுக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின.

மிஷின்காரரும் தவிப்பும் ஒரே நாளில் வீடு திரும்பினர். அதற்குப் பின்பும் அவர் இரண்டு தடவை குடித்தார்; இரண்டு தடவையும் இல்லம் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டது. மாலையில் எந்திரம் நிற்கும் நேரத்துக்குப் பழைய நோயாளிகள் தத்தம் தவிப்புகளோடு அச்சக வாசலில் கூடி, வாய்க்கு வந்ததைச் சத்தமாகப் பேசுவதை வழக்கமாக்கினார்கள். அந்த இரைச்சலைப் பற்றி அக்கம்பக்கத்தார் முதலில் புகார் சொன்னார்கள். பிறகு நாற்காலி கொண்டுவந்து போட்டு அவர்களும் உட்கார்ந்தார்கள். வயதாக வயதாக மிஷின்காரரின் தவிப்பு பேச்சற்று, சிறுத்து, பகலெல்லாம் கூடத்து மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டது. வீடு பெருக்கும்போது மகள் அதன் காலைத் தூக்கி வைத்துவிட்டுப் பெருக்குவாள்.

அவள் கல்லூரிக்குப் போன பிறகு, அவளைப் பார்க்க வந்த தோழி ஒருத்தி, பையை வைக்க மூலைக்குப் போனவள் திடுக்கிட்டு நின்றாள்.

“யாருடி இது?”

“அப்பாவோடது. தூங்குது.”

“ஏதாவது பண்ணுமா?”

“சத்தம் இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. பேசிக்கிட்டே இரு” என்று சொல்லிவிட்டு அவள் தேநீர் போடப் போனாள். தோழி பையை வேறு பக்கத்தில் வைத்துவிட்டு, வரும் வழியில் பேருந்தில் நடந்த சண்டையை அங்கிருந்தே உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.