தப்பாக விழுந்த முடிச்சு

டபடபவென்று பைக் சத்தம் கேட்டதும் அடுப்படியில் நின்ற ரேடியோவின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. சைலன்சர் ஓட்டையான அந்த பைக் மேஸ்திரியுடையது. அவர் வீடு டவுனில். தோட்டத்து ஆட்களின் குடியிருப்புக்கு அவர் வந்தால், யாரையாவது காலி பண்ணச் சொல்லத்தான் வருவார்.

"யாரு?" என்று கட்டிலில் கிடந்த புருஷன் கேட்டான். அதற்குள் இருமல் அவனைப் பிடித்துக்கொண்டது.

"யாரோ போறாங்க. பேசாம படு."

ரேடியோ என்பது தக்காளிக் காட்டில் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். வாயை மூட மாட்டாள் என்பதால் வைத்தது. கட்டிக்கொண்டவனும் அப்படித்தான் கூப்பிடுவான். இத்தனை நாள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டவளுக்கு, இன்று அந்தப் பெயர் கசந்தது. காலையில் வாயைக் கொடுத்தல்லவா மாட்டிக்கொண்டாள்.

ஆட்கள் உள்ளே நின்று பறித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வரிசையில் பூச்சி மருந்தடிப்பது அந்தத் தோட்டத்தில் வழக்கம். முதலாளி மாடி ஜன்னலிலிருந்து கையை ஆட்டினால் போதும், மேஸ்திரி மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படி ஒரு நாள் காற்று திரும்பி வீசியதில் மருந்தைச் சுவாசித்து விழுந்தவன்தான் ரேடியோவின் புருஷன். இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் வெளியேறிய பிறகு மருந்தடியுங்கள் என்று சங்கத்து அக்கா முதலாளியிடம் நடையாய் நடந்து பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அதனால் இன்று காலை பெண்கள் எல்லோரும் லாரிகள் வெளியேறும் கேட்டுக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்து காலி வாளிகளைத் தட்டினார்கள். பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டி என்ன ஏது என்று கேட்டார்கள். உள்ளே தக்காளி ஏற்றிய லாரிகள் வெயிலில் நின்றன.

காட்டுக்குள் போவது போலவே முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள் அக்கா. கண் மட்டும்தான் தெரியும். யாரென்று தெரிந்தால் குடியிருக்கிற வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள். வேலை போனால் இன்னொரு தோட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். வீடு போனால், மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனை எந்த மரத்தடியில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பாள்?

பயம் வந்தால் சிலருக்கு வாயடைத்துப் போகும். ரேடியோவுக்கு வாய் இன்னும் கூடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாளியைத் தட்டுவதா வேண்டாமா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத் தட்டு. வாளிக்கு வலிச்சா நான் தைலம் தேய்க்கிறேன்," என்றாள் ரேடியோ.

அவள் கண்ணால் சிரித்தாள். அது போதாதா? ரேடியோ தன் கதை முழுவதையும் கொட்டிவிட்டாள். புருஷனின் இருமல், கடைசி வீடு, நீலக் கதவு, மேஸ்திரி கண்டுபிடித்தால் நடுத்தெரு, எல்லாவற்றையும்.

கொட்டி முடித்த பிறகுதான் அந்த முடிச்சைப் பார்த்தாள்.

தக்காளிக் காட்டில் முகத்துணியின் முடிச்சு பிடரியில்தான் விழ வேண்டும். நுனிகளை ரவிக்கைக்குள் சொருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் கொடி கட்டுகிற கம்பியில் மாட்டி இழுக்கும். முதல் நாள் வேலைக்கு வருகிறவளுக்கே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இவளோ காதுக்குக் கீழே பூப்போல முடிச்சுப் போட்டு, நுனிகளை மார்பில் தொங்கவிட்டிருந்தாள். நகத்தில் கொடிக்கறை இல்லை. உள்ளங்கையில் மட்டும் தோல் உரிந்து சிவந்திருந்தது. காட்டில் ஒரு நாள்கூட நிற்காத பெண்ணுக்கு இங்கே என்ன வேலை? முதலாளி அனுப்பிய ஆளா?

அந்த நேரம் பார்த்து, ஆட்களை அடையாளம் பார்க்க மேஸ்திரி கையில் கம்போடு வரிசையோரமாக வந்தார். இவர்கள் இருவருக்கும் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். முகம் வெளுத்தது. கம்பு கையிலிருந்து நழுவியது. அதை எடுத்துக்கொண்டு, மீதி வரிசையைப் பார்க்காமலே திரும்பி, மாடி ஜன்னலை நோக்கித் தலையை ஆட்டினார்.

ஆள் அகப்பட்டாச்சு என்று சொல்கிறார். ரேடியோவுக்கு அப்படித்தான் பட்டது.

இப்போது பைக் வாசலில் நின்றது. அவள் வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். முகத்துணியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அடுப்பிலிருந்த குழம்புச் சட்டிவரை கொண்டுபோய், திரும்ப எடுத்து இடுப்பில் செருகினாள். நீலக் கதவு தட்டப்பட்டது. மெதுவாகத்தான் தட்டினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கதவைத் திறந்ததும் மேஸ்திரி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கூப்பிடாமலே உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். காலையில் எங்கே இருந்தாய் என்று கேட்டார்.

"தலைவலி. வீட்டுலதான் இருந்தேன்."

அவள் வாழ்நாளிலேயே இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. மேஸ்திரி அதை நம்பின மாதிரியும் இல்லை, மறுத்த மாதிரியும் இல்லை. கட்டிலைப் பார்த்தபடியே நின்றார். புருஷன் எழுந்து உட்கார முயன்று, முடியாமல் சுவரில் சாய்ந்தான். அவன் இருமி ஓயும்வரை மேஸ்திரி காத்திருந்தார். பிறகு, நாளைக்கும் நீங்கள் உட்காரப் போவது முதலாளிக்குத் தெரியும், அவரே இறங்கி வந்து ஒவ்வொருத்தியாகப் பார்ப்பார் என்றார். ஒரு தப்பு முடிச்சு போதும், பிடித்துவிடுவார் என்றார்.

ரேடியோ, வீட்டைக் காலி பண்ண நாலு நாள் தவணை கேட்கலாமா என்று வாயெடுத்தாள்.

அதற்குள் மேஸ்திரி சட்டைக்குள் கைவிட்டு ஒரு துணியை எடுத்து அவளிடம் நீட்டினார். சின்னப் பூப் போட்ட துணி. காதுக்குக் கீழே முடிச்சு விழுந்த கசங்கல் அதில் இன்னும் இருந்தது.

"மருந்தடிச்ச என் சட்டையைத் துவைச்சுத் துவைச்சே அவ கை உரிஞ்சுபோச்சும்மா," என்றார் மேஸ்திரி. "நாளைக்கும் வருவேன்னு நிக்கிறா. என் பொண்டாட்டிக்கு அந்த முடிச்சை நீதான் ஒழுங்காப் போட்டுவிடணும்."