முரட்டு மூடி

கில்ஹூலி என்ற பெயரின் விலை மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரம் யுவான். ஹோபார்ட் கணக்கில் எண்பதாயிரம் டாலருக்கு மேல் வரும். அந்தப் பெயரை நோலீன் கில்ஹூலிக்கு அவள் அப்பா இலவசமாகக் கொடுத்தார். அவருக்கு அவர் அப்பா. டாஸ்மேனியாவின் மேற்குக் காட்டில் லெதர்வுட் மரங்கள் பூக்கும்போது நானூறு தேன்பெட்டிகளை லாரியில் கொண்டுபோய் இறக்கும் குடும்பம். மூன்று தலைமுறையாக அந்தப் பெயருக்கு யாரும் விலை சொன்னதில்லை. சொல்ல வைத்தது நான்.

நான் லோ சுயிஃபென். சொந்த ஊர் சீனாவில் யீவூ. கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வெல்லம் கொடுத்துக் கோழி இறகு வாங்கி வந்த ஜனங்கள் நாங்கள். இறகு கொடுத்தவன் ஏமாந்தான் என்று ஊர் சொல்லும். இல்லை, அவனுக்கு வெல்லம் கிடைத்தது என்று நாங்கள் சொல்வோம். என் அம்மாவுக்கு மொத்தச் சந்தையில் பொத்தான் கடை. எந்த நாட்டுக்காரன் வந்தாலும் பாஷை தெரியாமலே கால்குலேட்டரைத் தட்டிச் சண்டை போட்டு ஜெயிப்பாள். அவள் எனக்குக் கொடுத்த சீதனம் ஒரே ஒரு சட்டம்: முதல் ஆர்டர் வருவதற்கு முன் பையிலிருந்து காசை எடுக்காதே, எடுத்தால் வருகிற ஆர்டர் கோபித்துக்கொண்டு வாசலோடு திரும்பிப் போய்விடும்.

பதினான்கு வருடமாக ஹோபார்ட்டில் இருக்கிறேன். இங்கே சோப்பு காய்ச்சுகிறவர்கள், கம்பளிப் போர்வை தைக்கிறவர்கள், தேன் எடுக்கிறவர்கள் ஆகியோரின் சரக்கைச் சீனத்து ஆப்களில் கடை போட்டு விற்றுக் கொடுப்பது என் தொழில். படம் எடுப்பது, சுங்கத் தாள் எழுதுவது, கிடங்கு பிடிப்பது, இந்தத் தேனீக்கு என்ன வயது என்று கேட்கிற வாடிக்கையாளருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது, எல்லாம் நானே.

புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன். சீனாவில் ஒரு பெயர் அதோடு பிறந்தவருக்குச் சொந்தமில்லை. யார் முதலில் பதிவு செய்கிறாரோ அவருக்குச் சொந்தம். இதைச் சொல்வதற்குக் கட்டணமும் வாங்குவேன். அப்படிப்பட்ட நான், ஷாங்காய்க் கண்காட்சியில் கில்ஹூலித் தேனுக்கு அழகான மூன்று எழுத்தில் சீனப் பெயர் வைத்து, ஆளுயரத்துக்குப் பதாகை கட்டி நின்றேன். பதிவுக் கட்டணம் இருநூற்று எழுபது யுவான். கட்டவில்லை. முதல் ஆர்டர் வரட்டும் என்று அம்மாவின் சட்டத்தைக் காப்பாற்றினேன். ஆர்டர் ஒன்பதாம் நாள் வந்தது. சிரித்துக்கொண்டே போய்ப் பதிவுக்குக் கொடுத்தேன். ஆறாம் நாளே பதாகையைப் பார்த்த ஒருவர், சீன எழுத்திலும் ஆங்கில எழுத்திலுமாக இரண்டு பதிவு போட்டுவிட்டார். அது எனக்குத் தெரியவர ஒரு வருடம் ஆயிற்று.

அந்த ஒரு வருடத்தில் முந்நூறு போத்தல் போய்ச் சேர்ந்து, விற்றுத் தீர்ந்து, இன்னும் வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். தைரியம் வந்து இரண்டாயிரத்து நானூறு போத்தலை நிங்போ சுங்கக் கிடங்குக்கு அனுப்பினோம். நோலீனின் அறுவடையில் பாதி அது. சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்குத் தேன் பரிசாகப் போகும். அதற்குள் விற்றால் அடுத்த வருடமும் அவள் தன் பெயர் போட்டே விற்கலாம். விற்காவிட்டால் இருக்கவே இருக்கிறது டிரம். பெரிய கம்பெனிக்காரன் டிரம் டிரம்மாக வாங்கி, பத்துப் பேர் தேனோடு கலந்து, யார் தேன் என்றே தெரியாமல் விற்பான். நோலீன் முப்பது வருடமாக அந்த டிரம்மோடுதான் மல்லுக்கட்டி வந்திருக்கிறாள்.

நவம்பர் கடைசியில் ஆப் எங்கள் கடையை மூடியது. டிரேட்மார்க் உரிமையாளர் புகார் கொடுத்திருக்கிறாராம். உரிமையாளர் பெயர் பாவ் ஜியான்லுன், ஷென்ஜென். தேனீயை அவர் கண்ணால் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். வக்கீலைக் கேட்டேன். வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம், இரண்டு வருடம் ஆகும் என்றார். போத்தல்கள் இரண்டு வருடம் கிடங்கில் தவம் இருக்க முடியாது.

ஆகவே பாவுடன் பேரம் பேச உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த வித்தை அதுதானே. ஆறு நாள். அவர் மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரம் என்று விலை சொன்னதும் போனில் ஒரு நிமிடம் மூச்சு விடாமல் இருந்தேன். மறுநாள் என் வாடிக்கையாளர் தொழிலையே மூடப்போகிறார் என்றேன். அதற்கடுத்த நாள், உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதை உச்சரிக்கவே உங்கள் ஊரில் ஆள் இல்லை என்று வாழ்த்திவிட்டுப் போனை வைத்தேன். அவரே கூப்பிட்டார். இரண்டு லட்சத்து அறுபது, ஒன்றரை லட்சம், தொண்ணூறு என்று இறங்கி ஐம்பத்தெட்டாயிரத்தில் வந்து நின்றார்.

"லோ அக்கா, நீங்க யீவூன்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் போனையே எடுத்திருக்க மாட்டேன்," என்றார்.

"அதனாலதான் சொல்லல, முதலாளி."

வாழ்க்கையில் நான் பேசிய மிக நல்ல பேரங்களில் ஒன்று. கீவ்ஸ்டனில் இருக்கும் நோலீனின் கொட்டகைக்குக் கார் ஓட்டிப் போகிறபோது பாட்டுக்கூடப் பாடினேன்.

நோலீன் போத்தல்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். மூடி போடும் மெஷின் பதினொரு வருடம் முன்பு கெட்டுப்போனது. அன்றிலிருந்து கையால்தான். அறுபத்தொரு வயதுக் கை. தேன்பெட்டி தூக்கித் தூக்கி மரவேர் மாதிரி ஆகிவிட்ட கை. கடைசியில் ஒரு திருகு திருகுவாள், போத்தலே ஒரு முறை முனகும். நான் விலையைச் சொன்னேன். கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

"எவ்வளவுன்ன?"

"அம்பத்தெட்டாயிரம் யுவான். பன்னெண்டாயிரத்துச் சொச்சம் டாலர்தான். எங்கேருந்து எங்கே இறக்கியிருக்கேன் பாருங்க."

"ஒரு யுவானுக்கு இறக்கினியா?"

"அவ்வளவு இறங்காது, நோலீன்."

"இறங்கினாலும் தரமாட்டேன். என் பேரை நான் எதுக்குக் கண்ணு காசு குடுத்து வாங்கணும்? என் லாரிய ஒருத்தன் திருடிட்டுப் போயி, பாதி விலைக்குத் தரேன்னு வந்தா, நீ அவன் கையைக் குலுக்குவியா?"

விலை படிந்தால் குலுக்குவோம் என்பதுதான் எங்கள் ஊர்ப் பதில். அதை விழுங்கிவிட்டு, தப்பு என்னுடையது, என் பணத்தைக் கட்டுகிறேன் என்றேன். யார் பணமானால் என்ன, போய்ச் சேருவது அவன் பைக்குத்தானே என்று சொல்லிவிட்டு அடுத்த போத்தலை எடுத்துத் திருகினாள்.

எனக்குக் கோபம். ஆறு நாள் தொண்டை வறண்டு இறக்கிய விலை, தரையில் கிடக்கிறது. எதைத் தூக்கி எறிகிறாள் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று, போனை எடுத்து, முதல் முந்நூறு போத்தலை வாங்கியவர்கள் ஆப்பில் எழுதிவைத்ததை ஒவ்வொன்றாக அவளுக்கு மொழிபெயர்த்து வாசித்தேன். நூற்று நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் தேன் பிடித்திருந்தது. எல்லாருக்கும் ஒரே குறை.

என் கணவர், மாமனார், கீழ்வீட்டு ஜிம் மாஸ்டர், மூன்று பேரும் தோற்றுவிட்டார்கள் என்று ஒருத்தி. கதவு இடுக்கில் வைத்துத் திறந்தேன், கதவு போய்விட்டது, தேன் பரவாயில்லை என்று இன்னொருவர். கள்ளச்சரக்கு போடுகிறவன் இப்படி மூடமாட்டான், இது அசல்தான் என்று ஒரு பெரியவர். அதற்குக் கீழே எண்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். நோலீன் மூடி போடுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

வாசிக்க வாசிக்க எனக்குள் இருந்த பொத்தான் கடைக்காரி விழித்துக்கொண்டாள். எங்கள் ஜனங்கள் கடைக்காரன் வைத்த பெயரை மதிப்பதில்லை. புட்டியின் நிறம், பெட்டியின் படம், ஏதாவது ஒன்றைப் பிடித்து அவர்களே ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். திரும்ப எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பதில் கில்ஹூலி என்று எழுதியவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் எல்லாரும் எழுதியது வேறு. முரட்டு மூடி எப்போது வரும்? முரட்டு மூடி இரண்டு வேண்டும். முரட்டு மூடியைத் திறப்பது எப்படி?

பாவ் பூட்டி வைத்திருந்தது யாரும் கூப்பிடாத ஒரு பெயரை.

வாயைத் திறக்கவில்லை. ஒரு தேன் டிரம்மின் மேல் உட்கார்ந்து, போனிலேயே முரட்டு மூடி என்ற சீன எழுத்துகளைப் பதிவுக்குக் கொடுத்தேன். தேனுக்கு மட்டுமில்லை, சோப்பு, மெழுகுவர்த்தி, மிட்டாய் என்று பாவ் நுழையக்கூடிய ஆறு வாசலுக்கும். ஆறு இருநூற்று எழுபது, ஆயிரத்து அறுநூற்று இருபது. ஆர்டர் வருமுன் என் பையிலிருந்து காசு போனது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ரசீது வந்த பிறகுதான் நோலீனிடம் சொன்னேன்.

ஒரு மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப கில்ஹூலி?"

"சீனாவுல அது அவன்கிட்ட. லேபிள்ல போட முடியாது."

"பெட்டில இருக்கு. லாரில இருக்கு. என் லைசன்ஸ்ல இருக்கு. அங்க அவனே வெச்சுக்கட்டும். தேன் இல்லாத பேரை நாள் முழுக்க நக்கிக்கிட்டு இருக்கட்டும்."

விண்ணப்ப ரசீதைக் காட்டிப் புதுக் கடை திறந்தேன். நிங்போ கிடங்கில் இரண்டாயிரத்து நானூறு போத்தலிலும் பழைய பெயரை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கரில் தேனீ இல்லை, மரம் இல்லை. மூடியை இறுக்கிப் பிடித்த நோலீனின் கை மட்டும். இதற்குள் ஜனவரி வந்துவிட்டது.

நேரலை விற்பனைக்கு நாங்கள் எடுத்த நேரம் மதியம் மூன்றரை. அங்கே அப்போது சாப்பாட்டு இடைவேளை. காலிப் பெட்டிகளின் மேல் போனை நிறுத்திவைத்தேன். நோலீன் தன் பாட்டுக்கு மூடி போட்டாள், நான் பக்கத்தில் நின்று பேசினேன். நாலாயிரம் பேர் வந்துவிட்டார்கள். வந்ததும் வழக்கமான கேள்வி: இரண்டு வாங்கினால் ஒன்று இலவசமா? நோலீனிடம் கேட்டேன்.

"ரெண்டு வாங்கினா ரெண்டு தரேன்னு சொல்லு."

இதை எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு அப்படியே சொன்னேன். திரை முழுக்கச் சிரிப்பு ஓடியது. ஆர்டரும் ஓடத் தொடங்கியது.

இருபதாவது நிமிடம் ஒரு வரி வந்தது. இது போலி, கில்ஹூலி டிரேட்மார்க் என்னிடம் இருக்கிறது, வாங்காதீர்கள். அதே வரி மறுபடி, மறுபடி. ஆர்டர் எண் அப்படியே நின்றது. போலி என்ற ஒரு சொல் போதும், எங்கள் ஜனங்கள் பையை மூடிவிடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று நோலீன் கேட்டாள். சொன்னேன். கையில் இருந்த போத்தலை ஒரு திருகு திருகி என்னிடம் நீட்டினாள்.

"தொற."

திருகினேன். பல்லைக் கடித்தேன். சட்டை நுனியை வைத்துத் திருகினேன். நாலாயிரம் பேர் பார்க்க முகம் சிவந்து நின்றேன். அசையவில்லை.

"போலியா இருந்தா இவ தொறந்திருப்பா," என்றாள் நோலீன் போனைப் பார்த்து. மூச்சு வாங்கிக்கொண்டே மொழிபெயர்த்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலையே இல்லை. பழைய வாடிக்கையாளர்கள் கிளம்பிவிட்டார்கள். கரண்டியால் நெம்பி நசுங்கிய மூடி, கத்தி கீறிய மூடி, போன கதவு, எல்லாவற்றின் படங்களும் வரிசையாக வந்தன. அந்த நூற்று நாற்பதில் ஒருத்தி பாவின் வரிக்குக் கீழேயே எழுதினாள்: "உன்கிட்ட பேரு இருக்குன்னா சரி, மூடிய நீ ஒண்ணு தொறந்து காட்டு பாப்போம்." பாவின் வரி பிறகு வரவில்லை. அன்றைக்கு அறுநூற்றுப் பதினொரு போத்தல். மீதி பத்தொன்பது நாளில் தீர்ந்தது, விழாவுக்கு ஒரு வாரம் முன்பே.

பாவ் விட்டுவிடவில்லை. இருபதாயிரத்துக்குத் தருகிறேன் என்றார். பிறகு எட்டாயிரம். விழா முடிந்ததும், அக்கா, நான் கட்டிய ஐந்நூற்று நாற்பது மட்டும் கொடுங்கள், போட்ட காசாவது வரட்டும் என்று எழுதினார். ஐந்நூற்று நாற்பது. என் கை அரித்தது, பொய் சொல்லமாட்டேன். போனை நோலீனிடம் நீட்டினேன்.

"அவன்கிட்ட சொல்லு," என்றாள். "கில்ஹூலின்னு பேரு போட்டுத் தேன் விக்கணும்னா அவனுக்குத் தேனீ வேணும். நான் வாடகைக்குத் தரேன். மூணு லட்சத்து எண்பத்தெட்டாயிரம்."

ஒரு சொல் மாற்றாமல் அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அத்தோடு சரி.

கணக்கை நான் எழுதினேன், யுவானில். புதுப் பெயர்ப் பதிவு 1,620. ஸ்டிக்கரும் ஒட்டுக்கூலியும், போத்தலுக்கு ஒன்றரை வீதம், 3,600. கடை மூடிக் கிடந்த நாற்பத்தொரு நாளுக்குக் கிடங்கு வாடகை 2,460. பாவுக்குக் கொடுத்தது 0. ஆக மொத்தம் 7,680. பதாகை கட்டியவள் நான், ஆகவே முழுவதும் என் பற்று என்று எழுதி அனுப்பினேன். நோலீன் அதை அடித்துவிட்டு, பாதி என்னுடையது, மூடி என்னுடையது என்று எழுதிப் பணத்தை அனுப்பினாள். திருப்பி அனுப்பினேன். மறுபடி அனுப்பினாள். இதுவரை நான்கு தடவை போய் வந்திருக்கிறது. இருவரும் ஒரு யுவான்கூட இறங்கவில்லை.

பாக்கி: 3,840.