பத்து நாற்பத்தெட்டு

அப்பாவின் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்ற மகளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன. வார் தோலோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. "விட்டுடும்மா, அதோடயே போகட்டும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. மகள் காதில் வாங்கவில்லை. கழற்றியதும் பார்த்தாள். மூன்று மணி ஐந்து நிமிடம். தினமும் காலையில் ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் பீப் சத்தத்துக்கு அப்பா அதைச் சரிபார்ப்பார். இன்று காலையும் படுத்த வாக்கிலேயே சரிபார்த்தார்.

நாலரைக்கு மயான வண்டி வந்துவிடும். தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான், நடுக்கடலில் இருக்கிறான். தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனிலேயே அழுதான். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சும்மா உட்கார்ந்தால் காலையில் கேட்ட அந்த விசில் காதுக்குள் வந்துவிடுகிறது.

அப்பா முப்பத்தோரு வருடம் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். வீடு வீடாகப் படியேறி நம்பர் குறிப்பது பிழைப்பு. லீவு நாளிலாவது மனுஷன் வீட்டில் கிடப்பாரா என்றால் அதுவும் இல்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் ரயில்வே கேட்டுக்குப் போய் நின்றுகொண்டு எஞ்சின் நம்பர் குறிப்பார். "நம்பரையே கட்டிக்கிட்டிருக்கலாம், என்னை எதுக்குக் கட்டினீங்க" என்று அம்மா இருந்தவரை தட்டு வைக்கும்போதெல்லாம் கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போய்விடுவார்.

நோட்டு விஷயத்தில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. எஞ்சின் நம்பர், எழுதும் நேரம், கண்ணால் பார்த்திருந்தால் ஒரு டிக். வராமல் போன வண்டிக்கு 'ரத்து' என்று எழுதி அதற்கும் நேரம் போடுவார். "பொய் எழுதிட்டா அப்புறம் அது நோட்டு இல்ல, மளிகைச் சீட்டு" என்பார்.

அந்த நோட்டில் 2714 என்ற நம்பர் மட்டும் டிக் இல்லாமல் கிடந்தது. பழைய நீராவி எஞ்சின். இருபத்தாறு வருடம் ஷெட்டின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததை, அப்பாவும் கேட்டில் அவரோடு நின்று நம்பர் குறிக்கும் கூட்டாளிகளும் ஞாயிறு தவறாமல் போய்ச் சுரண்டிச் சுரண்டி, ஆளைப் பிடித்து, மனுப் போட்டு, ஒருவழியாக உயிர் வர வைத்திருந்தார்கள். அத்தனை தடவை தொட்டுப் பார்த்த எஞ்சினுக்கு ஒரு டிக் போட்டால் என்னவாம் என்று அவளே கேட்டிருக்கிறாள். "நிக்கிறதெல்லாம் கணக்குல சேராது. ஓடணும்" என்றார்.

இன்றைக்குத்தான் அது ஓடியது. ஒரே ஒரு நடை. பத்தே முக்கால் வாக்கில் கேட்டைத் தாண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நுரையீரல் பாதிக்கு மேல் போன பிறகும் அதையேதான் சொன்னார்.

வீடு இரண்டாம் மாடி. லிப்ட் கிடையாது, படி குறுகல். இறக்கினால் படியிலேயே உயிர் போய்விடும் என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். காலை எட்டு மணிக்கு, கேட் கூட்டாளிகளில் ஒருவரான டீசல் போன் செய்தார். அவர் ரொட்டிக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். டீசல் எஞ்சினுக்கு ஈடு எதுவும் இல்லை என்று கேட்டில் நின்று சண்டை போட்டே அந்தப் பெயரை வாங்கினவர். "நாற்காலியில உக்கார வெச்சு நாலு பேரு தூக்கிட்டு வந்துடறோம் பாப்பா" என்றார். அவளுக்கு அந்தக் குறுகல் படிதான் கண்ணில் நின்றது. "அப்பாவே வேணாம்னுட்டார் மாமா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு அப்பாவிடம் போனாள். "எஞ்சின்ல ஏதோ கோளாறாம்ப்பா. இன்னிக்கி ரத்தாம். அடுத்த மாசம் விடறாங்களாம்."

மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. ஸ்டாக் இல்லாத மருந்தை நாளைக்கு வந்துவிடும் என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிற வாய். கொஞ்சமும் திக்கவில்லை. அப்பா அவள் முகத்தையே பார்த்தார். "சரி. என்ன பண்றது" என்றார். அவர் மூச்சு வாங்கிய விதத்தைப் பார்த்து, சொன்னது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தரைக்கு ஜன்னலைச் சாத்தினாள். பிறகு சமையலறைக்குப் போய், வெறும் பாத்திரங்களைத் தொட்டியில் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அதையும் மீறி விசில் கேட்டது. சாதாரணமாக எந்த வண்டியும் அப்படி அடிக்காது. நின்றுவிடும், நின்றுவிடும் என்று பார்த்தால் போய்க்கொண்டே இருந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் குழாயை மூட மனம் வந்தது.

அவள் திரும்பி வந்தபோது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. பென்சில் தரையில் கிடந்தது, எடுத்து மேஜையில் வைத்தாள். "அப்பா" என்றாள். பதில் இல்லை. பன்னிரண்டரைக்குப் போய் மறுபடி பார்த்தபோது மூச்சும் இல்லை.

அவருக்கு இடது காது மந்தம். வலது பக்கமாகத்தான் படுத்திருந்தார், நல்ல காது தலையணைக்குள் புதைந்திருந்தது. அப்படியானால் கேட்டிருக்காது. தூங்கியிருப்பார். மதியத்திலிருந்து அவள் இந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த விசிலைக் கேட்காமல் செத்திருந்தால் போதும், வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

மூன்றேகாலுக்கு டீசல் வந்தார். பின்னால் கேட் கூட்டாளிகள் மூன்று பேர். நாலு பேர் சட்டையிலும் கரித்தூள். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அப்படியே வந்திருந்தார்கள். டீசல் கட்டிலின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ வேணாம்னுட்டார்னு சொன்னியா, எனக்கு மனசே கேக்கல. டிரைவரைப் போய்ப் பிடிச்சேன். எங்க ஆளு ஒருத்தர் படுக்கையில கிடக்கார்ப்பா, கேட் பக்கம் வர்றப்ப நீளமா ஒரு விசில் குடுன்னேன். முழுசா அரை நிமிஷம் அடிச்சான் பாரு. கேட்டுச்சாம்மா அவருக்கு?"

"தூங்கிட்டிருந்தார் மாமா."

"ப்ச்" என்றார் டீசல். சட்டைப் பையிலிருந்து தன் நோட்டை எடுத்து, வீணாய்ப்போன சரக்கைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கத்தைப் பார்த்தார். 2714. ஒரு டிக். பத்து நாற்பத்தெட்டு.

"அவர் நோட்டு எங்கம்மா? எங்களுக்குள்ள ஒரு பழக்கம். ஒருத்தர் போயிட்டா, அவர் கடைசியா எழுதின வரிக்குக் கீழ மத்தவங்க ஒரு கோடு போட்டு மூடிடுவோம். போன வருஷம் நம்ம கூட்டாளி பெயின்டர் போனப்ப உங்கப்பாதான் போட்டார்."

நோட்டு தலையணைக்கு அடியில் இருந்தது. தர முடியாது என்று எப்படிச் சொல்வது? அப்பாவின் தலையை ஒரு கையால் லேசாகத் தூக்கி உருவி எடுத்தாள். கடைசியாக எழுதியது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் பார்த்த ஏதோ சரக்கு வண்டியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

டீசல் பக்கத்தைப் பிரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ரத்தா? ஓடுச்சேம்மா. நாங்க நாலு பேரும் பார்த்தோமே. யாரு இவர்கிட்ட..."

அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவளும் குனிந்து பார்த்தாள். கோணல்மாணலான எழுத்து. 2714. ரத்து. டிக் இல்லை. நேரம் போட்டிருந்தார். பத்து ஐம்பத்து மூன்று.

டீசல் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவள் கையிலிருந்த அப்பாவின் கடிகாரத்தை வாங்கித் தன் கடிகாரத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். இரண்டு முள்ளும் ஒன்றாகத் துடித்தன. திருப்பிக் கொடுத்தார்.

விசில் அடித்து ஐந்து நிமிடம் கழித்து எழுதியிருக்கிறார். கேட்டுவிட்டு, ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு, பென்சிலை எடுத்து அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார். கூப்பிட்டு ஏண்டி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நோட்டை வீசி எறிந்திருக்கலாம். அவள் சுவருக்கு அந்தப் பக்கம், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

டீசல் அப்பாவின் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். "நாங்க பார்த்ததை வெச்சு டிக் போட்டுடட்டுமா பாப்பா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வேணாம் மாமா. அவர் பாக்கலையே."

டீசல் தலையாட்டினார். மேஜையிலிருந்த அப்பாவின் பென்சிலை எடுத்து, மருந்துச் சீட்டை மடித்து ஓரத்தில் அணைத்துவைத்து, அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டார். நோட்டை மூடி அவளிடம் நீட்டினார். அவள் கை நீட்டாததால் கட்டில் ஓரத்தில் வைத்தார்.

கேட் பக்கமிருந்து நாலு பத்து பாசஞ்சர் ஒருமுறை விசில் அடித்தது. கூட்டாளிகள் மூன்று பேரும் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். காலையில் போட்ட பாத்திரங்கள் தொட்டியில் அப்படியே கிடந்தன. குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.