இடது ரேடியல், வலது நைலான்

"முன்னாடி இடது பக்கம் ரேடியல் போடுங்க, வலது பக்கம் நைலான். எது தாங்குதுன்னு பாத்துட்டு நாலையும் மாத்திர்றேன் பாய்" என்றான் டாக்சி ஓட்டும் ஸ்டான்லி.

டயர் கடை பக்ருதீன் சிரித்தார். "ஏலே அப்பு, ஒரு காலுக்கு பூட்ஸு, ஒரு காலுக்கு ரப்பர் செருப்பா? முன்சக்கரம் ஜோடியாத்தான் இருக்கணும்."

"வெயில், மழை ரெண்டுலயும் பாக்கணும்ல?"

பாய் தலையில் அடித்துக்கொண்டு மாட்டிக் கொடுத்தார்.

இருபதாம் நாள் மழை வந்தது. அன்றைக்கே ஸ்டான்லியின் மனைவி ஜெஸ்ஸிக்குப் பிரசவ வலியும் வந்தது. வடமதுரையிலிருந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் காரை விரட்டினான். பாதி வழியில் ஓர் ஆடு குறுக்கே பாய, பிரேக்கை மிதித்தான். இடது சக்கரம் ரோட்டைக் கவ்வியது. வலது சக்கரம் வழுக்கியது. அம்பாசிடர் இடது பக்கமாகத் திரும்பிப் பள்ளத்தில் மூக்கைச் செருகி நின்றது.

ஜெஸ்ஸிக்கு அடி இல்லை. வலிதான் கூடிக்கொண்டே போனது. தள்ளிப் பார்த்தான், கார் அசையவில்லை. கையைக் காட்டினான், இரண்டு லாரிகள் நிற்காமல் போயின.

"எது நல்ல டயருன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதா?" ஜெஸ்ஸி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

தெரிந்துவிட்டது. அடுத்த வண்டி கண்ணுக்கே தெரியாத நடுரோட்டில், நனைந்தபடி கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.